வத்திராயிருப்பு தந்த விஞ்ஞானி

விருதுநகர் மாவட்டம் என்றதும் நம் எல்லோருக்கும் பெருந்தலைவர் காமராஜர் ஞாபகம்தான் வரும். இதே மாவட்டத்தில் பிறந்து உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி ஒருவரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்தான் சர் கே.எஸ். கிருஷ்ணன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் உள்ள வத்திராயிருப்பில் 4-12-1898 அன்று பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி ஆகியவற்றில் படித்தபின், கல்கத்தா சென்று சர் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். அந்த ஆய்வுக்கூடம் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் நன்கொடை திரட்டி 1876-இல் ஆரம்பித்தது. பெரிய மெஷின் எதுவும் கிடையாது. சூரிய ஒளி, லென்ஸ், கலர் கண்ணாடி, சுத்தமான திரவங்கள், இவ்வளவுதான். இவற்றை வைத்தே இருவரும் 1928-இல் ராமன் விளைவைக் கண்டார்கள். பொருளில் பட்டுச் சிதறும் ஒளி, அது என்ன பொருள் என்று காட்டிக் கொடுத்துவிடும்.

1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டுமே கிடைத்தது. கிருஷ்ணன் சோர்ந்து போகவில்லை. டாக்காவிலும், மீண்டும் கல்கத்தாவிலும் படிகங்களின் காந்தத் தன்மையை ஆராய்ந்தார். 1940-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டில் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். இது அரசுப் பணத்தில் எழுந்தது. நாம ஒர்க்ஷாப்பில் பிடிக்கிற வெர்னியர், மைக்ரோமீட்டர் அளவுகளுக்கு நாட்டின் மூலத்தரம் அங்கேதான் இருக்கிறது. ஃபைல் பார்க்கும் வேலைக்கு நடுவிலும், சூடான உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறுவதை ஆராய்ந்தார். 1958-இல் முதல் பட்நாகர் பரிசு அவருக்கே கிடைத்தது. 1961-இல் மறைந்தார்.

1928-ல இந்தச் சிதறல் ஒளியால என்ன லாபம்னு யாராவது கேட்டிருந்தா பதில் சொல்வது கஷ்டம். ஆனால் 2021-இல் செவ்வாயில் இறங்கிய அமெரிக்க அரசின் பெர்சிவரன்ஸ் ரோபோ வண்டியின் கையில், பாறையைச் சோதிக்க ராமன் கருவி இருக்கிறது. வெடிமருந்தைத் தொடாமலே அடையாளம் காணவும் அதே ஒளி உதவுகிறது.

இப்போ நம்ம சிவகாசிக்கு வருவோம். மருந்து கலக்கிற அறையில் ஒரு சின்ன உராய்வு போதும், எத்தனை உயிர் போகுதுன்னு நமக்குத் தெரியும். அங்கே மனிதக் கைக்குப் பதில் இயந்திரக் கை வேண்டும். பொடியை எவ்வளவு மெதுவாகத் தொடுவது என்று அதற்கு எப்படிப் புரியவைப்பது? இது அடிப்படை ஆராய்ச்சிக்கான கேள்வி. உடனே லாபம் தராததால் தனியார் இதில் பணம் போடத் தயங்குவார்கள். ரோபோ உள்ளிட்ட துறைகளுக்காக 2018-இல் மத்திய அரசு 3,660 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் தந்தது. இத்தகைய நிதியில் ஒரு பங்கு இந்தக் கேள்விக்கும் வர வேண்டும்.

பணம் வந்தால் மட்டும் போதாது, கேள்வி கேட்கும் ஆளும் வேண்டும். வத்திராயிருப்பிலிருந்து ஒருவர் போனார். அடுத்தவர் நம்ம வகுப்பிலிருந்து போகட்டுமே!