சங்கரதாஸ் சுவாமிகள்

கீழவைப்பார் முதலான முத்துத்துறைகளை முன்னாளிற் கொண்டிருந்த தூத்துக்குடிச் சீமையின் செல்வம் முத்தும் உப்புமே என்றனர். அச்சீமை தந்த சங்கரதாஸ் சுவாமிகளை நாம் அவற்றோடு சேர்த்து எண்ணுவதில்லை.

1867-ல் காட்டுநாயக்கன்பட்டியிற் பிறந்த அவர் உப்பளக் கணக்கராயிருந்தார். இருபத்துநான்காம் பிராயத்தில் அவ்வுத்தியோகத்தை விடுத்து நாடகமேடை ஏறினார். இரணியனாகவும் எமனாகவும் நடித்தார், நாடகங்கள் இயற்றினார், பிறருக்கு ஆசிரியரானார், இடையே துறவு பூண்டு தலயாத்திரை சென்றார். மீண்டு வந்து 1910-ல் சமரச சன்மார்க்க நாடக சபையைக் கண்டார். 1918-ல் மதுரையிலே சிறுவர்களைக் கொண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். டி. கே. எஸ். சகோதரர் அங்கே பயின்றவர்களே. 1921-ல் பக்கவாதம் அவர் நாவை அடக்கிற்று. 1922 நவம்பர் 13-ல் புதுச்சேரியிற் காலமானார்.

மணம் புரியாத அவர் விட்டுச் சென்ற சந்ததி மாணாக்கரே. அவர்களுள் ஒருவராகிய விசுவநாததாஸ், மேடையிலே தேசபக்திப் பாடல்களைப் பாடிப் பலமுறை சிறை புகுந்தார். 1940-ல் மேடையிலேயே உயிர் நீத்தார். நம் பத்திரிகைகள் எழுத்தறிந்தாரோடு நின்றன; எழுத்தறியாதாரிடம் சுயராஜ்யத்தைக் கொண்டு சென்றவர்கள் கூத்தாடிகள் என்று நாம் இகழ்ந்தவர்களே. இங்கிலீஷ் கற்ற நம்மனோர் அக்கடனை இனியேனும் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.