ஐசக் ராபர்ட்ஸ் கண்ட சுருள்

கஹவத்தைத் தோட்டப்புறத்தில் மார்கழி முன்னிரவிலே வடவானை நோக்கும்போதெல்லாம் ஐசக் ராபர்ட்ஸ் என் நினைவில் எழுவார். 1829ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டில் உழவர் மகனாய்ப் பிறந்து, லிவர்பூல் நகரிற் கட்டடத் தொழிலாற் பொருளீட்டியவர் அவர். வானியல் அவருக்குத் தொழிலன்று, வேட்கை.

1888இல், 20 அங்குல ஆடி பொருந்திய தம் தொலைநோக்கியால், ஆந்திரமீடா என்னும் வான்முகிலை மணிக்கணக்கில் ஒளித்தகட்டிற் பதித்தார். கண்ணுக்கு வெண்புகையாய்த் தோன்றியது தகட்டிலே சுருள் சுருளாய் விரிந்தது. பிறந்துகொண்டிருக்கும் ஞாயிற்றுக் குடும்பமே அது என்று அவர் கருதினார்.

1904இல் அவர் மறைந்தார். 1923இல் ஹபிள் அம்முகிலிலே மாறொளி விண்மீன் ஒன்றைக் கண்டார். அதுகொண்டு அது பால்வீதிக்கு அப்பாலுள்ள வேறோர் உடுமண்டலம் எனத் தெளிந்தது.

ராபர்ட்ஸ் கொண்ட கருத்துத் தவறிற்று. எடுத்த படமோ பொய்க்கவில்லை. உரை சொல்லும் நானும் தவறலாம். மூலத்தையேனும் சிதையாது மாணாக்கரிடம் ஒப்படைத்தல் வேண்டும் என்பதை அவர் வாழ்விலே கற்றேன்.