சந்தைக்கு வராத காசு

பொருளாதாரம் கற்பித்த காலத்தில் பண வரலாற்றில் என்னை மிகவும் ஈர்த்தவர் மேத்யூ போல்டன். 1728-இல் பர்மிங்காமில் பிறந்தவர். ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரத்துக்கு முதலிட்ட கூட்டாளி என்றே உலகம் அவரை அறியும். நான் மதிப்பது அவருடைய காசுகளை.

1775-க்குப் பின் இங்கிலாந்தின் அரசு நாணயச் சாலை செப்புக் காசு அச்சிடுவதை நிறுத்தியிருந்தது. புழங்கியவற்றில் பெரும்பகுதி போலி. கூலியாகப் பெற்ற காசைக் கடைக்காரர் ஏற்க மறுத்தால் இழப்பு தொழிலாளிக்கே. 1788-இல் போல்டன் நீராவி விசையில் இயங்கும் நாணயச் சாலையை அமைத்தார். போலி செய்ய அரிதான அரைப்பென்னி மாதிரிகளை அச்சிட்டு அரசுக்குக் காட்டினார். அரசோ ஒன்பது ஆண்டுகள் தாமதித்தது. (அரசுகளின் வேகம் எக்காலத்திலும் இதுதான் போலும்!) அழகிய அம்மாதிரிகள் சேகரிப்பாளர்களின் பேழைகளைச் சேர்ந்தன, தொழிலாளியின் கையில் போலிக் காசே தொடர்ந்தது.

1797-இல்தான் ஆணை கிடைத்தது. ஓர் அவுன்ஸ் எடையுள்ள அவரது பென்னியை மக்கள் வண்டிச்சக்கரம் என்றழைத்தனர். 1803-ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் செப்புக் காசுகளும் அவர் சாலையில் அச்சானவையே.

1809-இல் போல்டன் மறைந்தார். 1850-இல் சாலையின் பொருள்கள் ஏலம் போயின. பழைய அச்சுகளை வாங்கியவர், சேகரிப்பாளர்களுக்காகவே அம்மாதிரிகளை மீண்டும் அச்சிட்டு விற்றார்.