சாய்கட்டிலோடு வந்த அகதி

டூங்கபியில் நம்மவர் வீடுகள் சிலவற்றில் ஒரு மௌனம் குடியிருக்கின்றது. விட்டுவந்த ஊரைப் பற்றித் தந்தை வாய் திறப்பதில்லை. காரணம் விளங்காச் சினம் மட்டும் மனைவி, பிள்ளைகள் மேல் பாய்கின்றது. உளவளத்துணையை நாடலாமே என்றால், எமக்கென்ன பைத்தியமா என்று முகம் சுளிக்கின்றோம். அத்துணைக்கு வழிதிறந்த சிக்மண்ட் பிராய்டும் ஓர் அகதியே.

1856இல் மொராவியாவில் யூதக் குடும்பத்தில் பிறந்த அவர், வியன்னாவில் வளர்ந்து நரம்பு மருத்துவரானார். எம்மி என்ற புனைபெயரில் அவர் குறிப்பிட்ட பெண்ணொருத்தி, ஓயாது வினவுவதை விட்டுத் தன்னைப் பேசவிடுமாறு அவரைக் கடிந்துகொண்டாள். மருத்துவர் அடங்கிச் செவிமடுத்தார். மனத்தில் அமுக்கிய துயர் அழிவதில்லை, வேறு வடிவில் வெளிப்படும் என்பதே அவர் கண்டது. அவருடைய கொள்கைகள் பல இன்று மறுக்கப்படுகின்றன. நாமும் அவற்றுக்கு வழக்காடவில்லை. செவிமடுக்கும் முறை நிலைத்துவிட்டது.

1938 மார்ச்சில் நாசிகள் வியன்னாவுள் புகுந்தனர். மகள் அன்னாவை இரகசியப் பொலிசார் விசாரணைக்குக் கொண்டுசென்று அன்றே விடுவித்தனர். ஜூனில், 82 வயதில், வாய்ப் புற்றுநோயோடு பிராய்ட் இலண்டன் சேர்ந்தார். நோயாளர் படுத்துப் பேசும் சாய்கட்டிலும் வந்துசேர்ந்தது. அந்நிய மண்ணிலும் பிறர் துயரைக் கேட்டவாறிருந்து, 1939 செப்டெம்பரில் மறைந்தார். வியன்னாவில் விட்டுவந்த சகோதரியர் நால்வரும் பின்னர் நாசிகளின் முகாம்களில் மாண்டனர். அதனை அவர் அறியவில்லை.

சிட்னியில் சித்திரவதைக்கும் மனவடுவுக்கும் உள்ளான அகதிகளுக்கான சிகிச்சைச் சேவையொன்று 1988இல் தொடங்கப்பட்டது. அங்கு செல்ல நம்மவர் கூசவேண்டியதில்லை.