பொலிவார் கட்டிய நாடு மூன்றான கதை

1819-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி தென் அமெரிக்காவின் வடபகுதியில் ஒரு புதிய நாடு பிரகடனம் செய்யப்பட்டது. பெயர் கொலம்பியா. இன்று கொலம்பியா, வெனிசுலா, ஈக்வடார், பனாமா என்று நான்கு நாடுகளாக இருக்கும் நிலம் முழுவதும் அன்று அந்த ஒரே நாடு. சரித்திர ஆசிரியர்கள் அதை மகா கொலம்பியா என்று அழைக்கிறார்கள்.

சரியாக 11 ஆண்டுகள் கழித்து, 1830 டிசம்பர் 17-ந் தேதி, அந்த நாட்டை உருவாக்கிய சைமன் பொலிவார் காலமானார். அவர் கண்ணை மூடும் முன்பே அவருடைய நாடு மூன்றாகிவிட்டது.

ஸ்பெயினை விட்டுப் பிரிந்து வந்த நாடு தானும் ஏன் பிரிந்தது? பிரியத் தொடங்கிய பிறகு அது எங்கே போய் நின்றது? பொலிவாரின் வாழ்க்கையைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

செல்வர் வீட்டுப் பிள்ளை

பொலிவார் 1783-ம் ஆண்டு ஜூலை 24-ந் தேதி வெனிசுலாவில் உள்ள காரக்காஸ் நகரில் பிறந்தார். கொக்கோ தோட்டங்களும் அடிமைகளும் நிறைந்த பெரிய பணக்காரக் குடும்பம். மூன்று வயது நிரம்பும் முன் தந்தை இறந்தார். ஒன்பது வயது நிரம்பும் முன் தாயும் போய்விட்டார்.

வாலிப வயதில் ஸ்பெயின் சென்றார். 1802-ல் அங்கே மரியா தெரசா என்ற பெண்ணை மணந்து ஊருக்கு அழைத்து வந்தார். எட்டே மாதத்தில் காய்ச்சலில் அவள் மாண்டாள். பிறகு பொலிவார் மறுமணம் செய்துகொள்ளவே இல்லை. மீண்டும் ஐரோப்பாவுக்குப் போனவர், 1805-ல் ரோம் நகரில், தாய்நாட்டின் விலங்கை உடைக்காமல் ஓயமாட்டேன் என்று சபதம் செய்தார்.

தோல்வி மேல் தோல்வி

1811 ஜூலை 5-ந் தேதி வெனிசுலா சுதந்திரப் பிரகடனம் செய்தது. ஓராண்டு கழிந்ததும் அந்தக் குடியரசு விழுந்தது. மாகாணங்களுக்கு அதிக அதிகாரம் கொடுத்து மத்திய அரசைப் பலவீனமாக வைத்ததே இந்த அழிவுக்குக் காரணம் என்று பொலிவார் முடிவு கட்டினார். இந்த எண்ணம் கடைசி வரை அவரை விட்டுப் போகவில்லை. பின்னால் வந்த சங்கடங்களுக்கு இதுவும் ஒரு வித்து.

1813-ல் மறுபடி காரக்காஸைப் பிடித்தார். 1814-ல் மறுபடி இழந்தார். ஜமைக்காவுக்கும் ஹைத்திக்கும் ஓடினார். ஹைத்தியின் ஜனாதிபதி பெத்தியோன் கப்பலும் ஆயுதமும் கொடுத்து உதவினார். அடிமைகளை விடுதலை செய்யவேண்டும் என்பதுதான் அவர் போட்ட நிபந்தனை.

1819-ல் பொலிவார் தம் படையுடன் ஆண்டிஸ் மலையைக் கடந்தார். குளிரில் பலர் வழியிலேயே மடிந்தார்கள். ஆகஸ்டு 7-ந் தேதி பொயாகா என்ற இடத்தில் ஸ்பானியப் படையை முறியடித்தார். 1821-ல் வெனிசுலாவும், 1822-ல் கீட்டோவும், 1824-ல் பெருவும் விடுதலை அடைந்தன.

பழைய எல்லைகள்

ஸ்பெயின் ஆண்ட காலத்திலேயே வெனிசுலா, நியூ கிரனடா, கீட்டோ ஆகிய மூன்றுக்கும் தனித்தனி நிர்வாகம் இருந்தது. அவற்றை ஒரே நாடாக இணைத்தது போர்தான். 1821-ல் குக்குட்டா நகரில் அரசியல் சட்டம் வகுத்தபோது, கீட்டோ இன்னும் ஸ்பெயின் வசம் இருந்தது. எனவே அதன் பிரதிநிதி ஒருவர்கூட அங்கே இல்லை.

தலைநகர் பொகோட்டா மலைமேல் இருந்தது. காரக்காஸ் வெகு தூரம். எந்தக் காரியத்துக்கும் பொகோட்டாவின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. தலைநகர் அந்தஸ்து போய்விட்டதே என்று காரக்காஸ்காரர்களுக்கு மனத்தாங்கல். வெளிநாட்டுத் துணி வந்து குவிந்ததால் கீட்டோவின் நெசவாளர்கள் நலிந்தார்கள். 1822-லும் 1824-லும் லண்டனில் வாங்கிய கடனுக்கு 1826-ல் வட்டி கட்ட முடியவில்லை.

1825-ல் இன்னொரு சோதனை வந்தது. மேல் பெரு என்ற பகுதி தனி நாடாக விரும்பியது. பழைய நிர்வாக எல்லைகளை மாற்றக்கூடாது என்பது பொலிவாரின் கொள்கை. ஆகவே முதலில் இசையவில்லை, பிறகு இணங்கினார். அந்த நாடு அவர் பெயரையே வைத்துக்கொண்டது. அதுதான் பொலிவியா.

அடுத்த ஆண்டு வெனிசுலாவின் தளபதி பாயெஸ் பொகோட்டாவுக்கு எதிராகக் கிளம்பினார். பொலிவார் விரைந்து வந்து அவரை மன்னித்தார். சட்டத்தின்படி நடந்த உப ஜனாதிபதி சான்டான்டருக்கு இது பிடிக்கவில்லை. மீறியவருக்கு மன்னிப்பு என்றால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா?

1828-ல் ஒக்கான்யாவில் கூடிய மாநாடு முறிந்தது. பொலிவார் சர்வாதிகாரி ஆனார். செப்டம்பர் 25-ந் தேதி இரவு கொலைகாரர்கள் மாளிகைக்குள் புகுந்தார்கள். மனுவேலா சயன்ஸ் என்ற பெண்மணியின் துணிவால், ஜன்னல் வழியே குதித்து உயிர் தப்பினார். ஆனால் எந்த நாட்டைப் பிரியாமல் காக்க அந்த அதிகாரத்தை எடுத்தாரோ, அந்த நாட்டின் பிரிவினையை அதே அதிகாரம் விரைவுபடுத்தியது.

பிரிந்தது நாடு

1829 இறுதியில் வெனிசுலா விலகத் தீர்மானித்தது. 1830 மே 8-ந் தேதி பொலிவார் பதவி துறந்து பொகோட்டாவை விட்டுக் கிளம்பினார். ஐந்தே நாளில் கீட்டோ பிரிந்து ஈக்வடார் ஆயிற்று. ஜூன் 4-ந் தேதி அவருடைய அருமைத் தளபதி சூக்ரே சுட்டுக் கொல்லப்பட்டார். பொலிவார் வெளியேறினால்தான் பேச்சு என்று அவர் பிறந்த வெனிசுலாவே நிபந்தனை போட்டது.

காசநோய் முற்றிய நிலையில், சான்டா மார்ட்டா அருகே ஒரு ஸ்பானியரின் பண்ணை வீட்டில், 47-வது வயதில் அவர் உயிர் பிரிந்தது.

பிரிவு எங்கே நின்றது?

ஒரு முறை பிரிந்தால் ஊருக்கு ஒரு நாடாகும் என்று அஞ்சுவோர் உண்டு. இங்கே அப்படி ஆகவில்லை. பிரிவு பழைய நிர்வாகக் கோடுகளின் மேல் நடந்து, அங்கேயே நின்றது. ஈக்வடாருடன் சேர்ந்த பாஸ்தோ பகுதி 1832-ல் நியூ கிரனடாவுக்கே திரும்பிவிட்டது. பனாமா 1830-லும் 1831-லும் 1840-லும் விலகிப் பார்த்தது. ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தது. 1903-ல்தான் நிரந்தரமாகப் பிரிந்தது. அதுவும் கால்வாய் வெட்ட விரும்பிய அமெரிக்காவின் போர்க்கப்பல் துணை நின்றதால்.

அதற்காகப் பிரிவு செலவில்லாமல் முடியவும் இல்லை. பாகப்பிரிவினை செய்த சகோதரர்களைப் போல, 1834-ல் பழைய கடனைப் பங்கு போட்டார்கள். நியூ கிரனடாவுக்கு நூற்றுக்கு 50, வெனிசுலாவுக்கு 28½, ஈக்வடாருக்கு 21½. உள்நாட்டுப் போர்கள் மூன்றையும் பல ஆண்டுகள் வாட்டின. காரக்காஸின் குறையைத் தீர்க்கும் வழி 1821-லேயே பொகோட்டாவுக்குத் தெரிந்திருந்தால், பங்கு போடும் வேலையே வந்திராது.

உயிரோடு இருந்தவரை வேண்டாம் என்ற வெனிசுலா, 1842-ல் பொலிவாரின் எலும்புகளை மரியாதையுடன் காரக்காஸுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தது. அப்போது அங்கே ஜனாதிபதியாக இருந்தவர் பாயெஸ்.