காளான் கண்ட பாதிரியார்

மழை விட்ட மறுநாள் குப்பைமேட்டில் முளைக்கும் காளானை நாம் மிதித்துக் கடந்து விடுகிறோம். அதை ஆராய்வதிலேயே தம் ஓய்வு நேரத்தைக் கழித்த பாதிரியார் ஒருவர் அமெரிக்காவில் வாழ்ந்தார். அவரே லூயிஸ் டேவிட் டி ஷ்வைனிட்ஸ்.

1780ஆம் ஆண்டு பென்சில்வேனியாவிலுள்ள பெத்லகேம் என்னும் ஊரில், மொரேவியத் திருச்சபையைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தார். 1798இல் ஜெர்மனி சென்று இறையியல் பயின்றார். அங்கே ஆசிரியர் ஆல்பர்ட்டினியின் தொடர்பால் பூஞ்சைகள் மீது நாட்டம் வளர்ந்தது. இருவரும் இணைந்து எழுதிய பூஞ்சை நூல் 1805இல் வெளிவந்தது. அதற்குப் படம் வரைந்தவரும் ஷ்வைனிட்ஸே.

1812இல் தாயகம் திரும்பி, வட கரோலினாவின் சேலம் நகரில் திருச்சபைப் பணி ஏற்றார். கடமைக்குக் குறைவு வராமல், கிடைத்த வேளையில் காடுகளைச் சுற்றினார். அங்கே கண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூஞ்சை இனங்களை 1822இல் நூலாக வெளியிட்டார். பின்னர் வட அமெரிக்கா முழுமைக்கும் அவர் தொகுத்த பட்டியலில் 3,000க்கும் மேற்பட்ட இனங்கள் இடம்பெற்றன. அவற்றுள் ஏறத்தாழ 1,200 இனங்கள் அவரே புதிதாகக் கண்டறிந்தவை.

1834இல் பிறந்த ஊரிலேயே மறைந்தார். அவர் சேகரித்த தாவரத் தொகுதி பிலடெல்பியா இயற்கை அறிவியல் கழகத்தைச் சேர்ந்தது. அமெரிக்கப் பூஞ்சையியலின் தந்தை என உலகம் அவரைப் போற்றுகிறது.

ஆய்வுக்கூடத்தில் கருவிகள் இல்லையே என நாம் குறைபடுகிறோம். அவருக்கோ காடே ஆய்வுக்கூடம். கண்ணும் பொறுமையுமே கருவிகள். அவ்விரண்டும் நம்மிடமும் உள்ளன அல்லவா?