விதை வள்ளல்

அமெரிக்க நாட்டின் விடுதலைப் பிரகடனத்தை 1776ஆம் ஆண்டில் வரைந்தவர் தாமஸ் ஜெபர்சன் என்பதை உலகம் அறியும். 1801 முதல் 1809 வரை அந்நாட்டின் மூன்றாம் குடியரசுத் தலைவராக விளங்கியவர் அவர் என்பதும் பலர் அறிந்ததே. ஆயினும், அப்பெருமகனார் பட்டாணிக்கும் அவரைக்கும் கத்தரிக்கும் கீரைக்கும் வாழ்நாள் முழுதும் விதை தேடினார் என்பதையும், தேடிப் பெற்ற விதையை அண்டை அயலார்க்குப் பகிர்ந்தளித்து மகிழ்ந்தார் என்பதையும் அறிந்தோர் சிலரே. பயன்மிக்க பயிரொன்றை நாட்டிற் புதிதாகச் சேர்ப்பதே, ஒருவர் தம் நாட்டிற்குச் செய்யக்கூடிய தொண்டுகளுள் தலையாயது என்பது அவர் கொண்ட கொள்கை.

ஜெபர்சன் 1743ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் வர்ஜீனியாவில் உள்ள ஷாட்வெல் என்னும் இடத்திற் பிறந்தார். பதினான்கு வயதில் தந்தையை இழந்தார். கல்லூரியிற் கற்றுத் தேர்ந்தபின் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். தாம் பிறந்த இடத்திற்கு அருகிலிருந்த ஒரு குன்றின்மேல் இல்லம் எழுப்ப விரும்பி, 1768ஆம் ஆண்டில் அதன் உச்சியைச் சமன் செய்யத் தொடங்கினார். இத்தாலிய மொழியிற் சிறுமலை என்று பொருள்படும் மாண்டிசெல்லோ என்பதே அவ்விடத்திற்கு அவர் இட்ட பெயர்.

இருபத்து மூன்று வயது நிரம்பு முன்னரே அவர் தோட்டக் குறிப்பேடு ஒன்றை எழுதத் தொடங்கினார். 1766ஆம் ஆண்டு மார்ச்சு 30ஆம் நாள் ஒரு பூச்செடி மலரத் தொடங்கியது என்பதே அதன் முதற் குறிப்பு. அன்று தொடங்கிய அவ்வழக்கம் இடையிடையே நின்றும் தொடர்ந்தும் 1824ஆம் ஆண்டு வரை நீடித்தது. எந்த விதையை எந்நாளில் ஊன்றினார், அஃது எந்நாளில் முளைத்தது, அதன் காய் எந்நாளில் உணவு மேசைக்கு வந்தது என்பனவெல்லாம் அதில் முறையாக எழுதப்பட்டன. விதை முளைக்காது போனதையும், பூச்சி அரித்ததையும், பனியிற் கருகியதையும் அவர் மறைத்தாரல்லர். வெற்றியைக் குறித்த அதே கையால் தோல்வியையும் குறித்தார். நூற்றில் ஒரு பயிர் நிலைத்தாலும் ஏனைய தொண்ணூற்றொன்பதின் தோல்விக்கு அஃது ஈடாகும் என்பது அவர் எண்ணம்.

1784ஆம் ஆண்டு ஜெபர்சன் தம் நாட்டின் பொருட்டுப் பிரான்சு நாட்டிற்குச் சென்று, பின்னர் அங்கே தூதுவராகப் பணியாற்றினார். பாரிசு நகரத்து மக்கள் அமெரிக்க அரிசியைவிட இத்தாலிய அரிசியை விரும்பி வாங்குவதன் காரணத்தை அறிய விழைந்தார். 1787ஆம் ஆண்டு ஆல்ப்சு மலையைக் கடந்து இத்தாலிக்குச் சென்றார். அரிசியின் வேறுபாடு ஆலையினால் வந்ததன்று, நெல்லின் இனத்தினால் வந்தது என்பதை அங்கே கண்டறிந்தார். அந்நெல்லை வெளிநாட்டிற்குக் கொண்டு செல்வோர்க்கு மரண தண்டனை என்பது அந்நாட்டுச் சட்டம். ஜெபர்சனோ தம் மேலங்கியின் பைகளில் நெல்லை நிரப்பிக்கொண்டு திரும்பினார். ஒரு தூதுவர் செய்யத்தக்க செயலா இஃது எனின், அன்று என்றே கூறல்வேண்டும். ஆயினும், விதையின்மேல் அவர்க்கிருந்த வேட்கை எத்துணைப் பெரிது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

நெல்லைப் பற்றிய அவர் முயற்சி அதனுடன் நின்றுவிடவில்லை. அமெரிக்காவின் தென்பகுதியில் நீர் தேங்கிய சதுப்பு வயல்களில் நெல் விளைந்தது. அவ்வயல்களில் உழைத்தோர் கோடைக்காலந்தோறும் கொடிய காய்ச்சலுக்கு இரையாயினர். நீர் தேங்காத மேட்டு நிலத்தில் விளையும் நெல் கிடைத்தால் இவ்வுயிரிழப்பைத் தவிர்க்கலாம் என்று ஜெபர்சன் கருதினார். 1790ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து ஒரு பீப்பாய் மேட்டு நெல்லை வரவழைத்தார். அதனைத் தெற்குக் கரோலினாவிற்கும் ஜார்ஜியாவிற்கும் பகிர்ந்து அனுப்பினார். பெரிய பண்ணைக்காரர் பழைய முறையை விடவில்லை. ஆயினும், ஜார்ஜியாவின் மேட்டுப் பகுதியில் வாழ்ந்த குடியானவர் சிலர் அதனைத் தம் வீட்டுத் தேவைக்குப் பயிரிட்டு வந்தனர்.

குடியரசுத் தலைவராக வாசிங்டன் நகரில் வாழ்ந்தபோதும் காய்கறிகளை அவர் மறந்திலர். அந்நகரச் சந்தைக்கு எந்தக் காய் எப்போது முதலில் வருகின்றது, எப்போது மறைகின்றது என்பதை எட்டாண்டுகள் கண்டு, 37 காய்கறிகளுக்கு ஓர் அட்டவணை வகுத்தார். நாட்டின் மேற்கெல்லையை ஆராய்ந்து வருமாறு லூயிசு, கிளார்க்கு என்னும் இருவரை அவர் அனுப்பினார். 1804 முதல் 1806 வரை பயணம் செய்த அவ்விருவரும் பல விதைகளைக் கொண்டு வந்தனர். அவற்றுள் ஒன்று மிசௌரி ஆற்றங்கரையில் வாழ்ந்த அரிக்காரா மக்களின் அவரை. பழங்குடி மக்கள் வளர்த்துக் காத்த அவ்விதை மாண்டிசெல்லோவின் மண்ணிலும் முளைத்தது.

அரிய அவ்விதைகள் அனைத்தையும் தம்மிடமே வைத்துக்கொள்ள ஜெபர்சன் விரும்பினாரல்லர். பிலடெல்பியா நகரத்து விதை வணிகராகிய பெர்னார்டு மக்மகன் தோட்டக்கலையில் வல்லவர். அக்கலையைப் பற்றி 1806ஆம் ஆண்டில் நூலொன்றை வெளியிட்டவர். விதைகளுள் ஒரு பங்கை அவர்க்கும், மற்றொரு பங்கை அந்நகரத்தை அடுத்து வாழ்ந்த தோட்ட அறிஞர் ஒருவர்க்கும் அனுப்பினார். பாரிசு நகரத்துத் தாவரத் தோட்டத் தலைவர் ஆந்திரே தூவென் என்பவர் ஜெபர்சனுக்கு விதைப் பெட்டிகளை அனுப்பி வந்தார். அவற்றையும் ஜெபர்சன் பிறர்க்குப் பகிர்ந்தளித்தார். ஒரு தோட்டத்தில் மட்டும் இருக்கும் விதை ஒரே பனியில் அழிந்துபோகும். பத்துத் தோட்டங்களில் இருக்கும் விதை ஓரிடத்தில் அழிந்தாலும் மற்றோரிடத்திற் பிழைக்கும். கொடுத்தவனே விதையை இழந்து நிற்கும் ஆண்டில், பெற்றவன் அதனைத் திருப்பித் தருவான். ஆதலின், விதையைக் கொடுப்பது ஈகை மட்டுமன்று; அதனைக் காக்கும் வழியும் அதுவே.

பதவியிலிருந்து விலகிய பின்னர் ஜெபர்சன் மாண்டிசெல்லோவிலேயே தங்கினார். அங்கே குன்றின் சரிவை வெட்டிச் சமன் செய்து, கற்சுவர் எழுப்பி, 1000 அடி நீளமும் 80 அடி அகலமும் உடைய காய்கறித் தோட்டம் அமைக்கப்பட்டிருந்தது. கனி தருவன, கிழங்கு தருவன, இலை தருவன என வகை பிரித்துப் பாத்திகள் வகுக்கப்பட்டன. வெண்டை, கத்தரி, தக்காளி முதலியனவும் அங்கே விளைந்தன. எண்ணெயின் பொருட்டு எள்ளும் விதைக்கப்பட்டது. அவர் வாழ்நாளில் அங்கே பயிரிடப்பட்ட காய்கறி வகைகள் முந்நூற்றுக்கும் மேற்பட்டவை.

விதைகளைக் காப்பதில் அவர் காட்டிய ஒழுங்கு வியக்கத்தக்கது. சிறு விதைகள் பெயர் எழுதிய கண்ணாடிக் குப்பிகளில் இடப்பட்டுக் கொக்கிகளில் வரிசையாகத் தொங்கின. பட்டாணி, அவரை போன்ற பெரிய விதைகள் தகரப் பெட்டிகளில் இருந்தன. ஒரே இனத்தின் பல வகைகளை அருகருகே வளர்த்தால் மகரந்தம் கலந்து, விதை தன் இயல்பு கெடுதல் உண்டு. ஆகவே, பல வகைகளையும் விளைத்துப் பார்த்து, சிறந்த ஒன்றிரண்டை மட்டும் நிறுத்திக்கொள்ள அவர் விழைந்தார்.

காய்கறிகளுள் பட்டாணியின்மேல் ஜெபர்சனுக்குப் பெருவிருப்பம் உண்டு. அவரும் அண்டை அயலாரும் ஆண்டுதோறும் ஒரு போட்டி நடத்தினர். இளவேனிலில் முதற்பட்டாணியை விளைவிப்பவர் ஏனையோரை அழைத்து விருந்திடல் வேண்டும். பெரும்பாலும் வென்றவர் ஜார்ஜ் டைவர்ஸ் என்னும் நண்பரே. ஓராண்டு ஜெபர்சனின் தோட்டத்திற் பட்டாணி முந்தி விளைந்தது. அனைவரையும் அழைக்குமாறு வீட்டார் நினைவூட்டினர். அவரோ, முதல்வர் என்னும் பெருமை நண்பர்க்கே இருக்கட்டும் என்று கருதி வாளாவிருந்தார் என்று அவர் குடும்பத்தார் கூறுவர். விதையைப் பகிர்ந்தவர் புகழையும் பகிர்ந்தார்.

இத்துணைச் சிறப்பிற்கிடையே மறைக்கவொண்ணாத குறை ஒன்றும் உண்டு. மக்கள் அனைவரும் சமம் எனப் பிரகடனம் வரைந்த அவரே அடிமைகளை வைத்திருந்தார். அவர் வாழ்நாளில் அவர்க்கு அடிமைகளாய் இருந்தோர் அறுநூற்றுக்கும் மேற்பட்டவர். குன்றை வெட்டித் தோட்டம் அமைத்தவர்கள் அடிமைகளே. தலைமைத் தோட்டக்காரராய் விதை ஊன்றி நாற்று நட்ட வோர்ம்லி ஹியூசும் ஓர் அடிமையே. அம்மக்கள் நாள் முழுதும் பிறர்க்கு உழைத்து, எஞ்சிய சிறு பொழுதில் தம் குடிசைகளின் அருகே தமக்கெனச் சிறு தோட்டங்கள் இட்டனர். அங்கே விளைந்த வெள்ளரியையும் முட்டைக்கோசையும் ஜெபர்சனின் வீட்டிற்கே விற்றுக் காசு பெற்றனர். அக்கணக்கை ஜெபர்சனின் பேத்தி ஒருவர் எழுதி வைத்துள்ளார். விதையை உரிமையுடன் பரவவிட்ட பெருமகனார், அவ்விதையை ஊன்றிய கைகளுக்கு உரிமை வழங்கவில்லை. இது வரலாறு அவர்மீது சாற்றும் குற்றம்.

விடுதலைப் பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு நாளாகிய 1826 ஜூலை 4ஆம் நாள் ஜெபர்சன் உயிர் துறந்தார். அவர்க்குக் குழி தோண்டியவர் வோர்ம்லி ஹியூசே. ஜெபர்சன் விட்டுச் சென்ற கடன் ஒரு நூறாயிரம் டாலருக்கும் மேற்பட்டது. அதனைத் தீர்க்கும் பொருட்டு 1827ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஏலம் நடந்தது. வீட்டுப் பொருள்களோடு 130 அடிமைகளும் விலை கூறப்பட்டனர். அதில் வோர்ம்லியின் மனைவி மக்களும் விற்கப்பட்டனர். 1831ஆம் ஆண்டில் மாண்டிசெல்லோ இல்லமும் கைமாறியது. பேணுவாரின்றிக் காய்கறித் தோட்டம் அழிந்தது.

பின்னர் 1923ஆம் ஆண்டு ஓர் அறநிலையம் அவ்விடத்தை விலைக்கு வாங்கியது. 1979ஆம் ஆண்டு அகழ்வாராய்ச்சியாளர் தோட்டத்தைத் தோண்டி, புதைந்து கிடந்த பழைய சுவரின் அடிப்பகுதியைக் கண்டனர். ஜெபர்சனின் குறிப்பேட்டைத் துணைக்கொண்டு பாத்திகள் மீண்டும் வகுக்கப்பட்டன. அவர் வளர்த்த வகைகளுட் சில முற்றும் மறைந்து போயிருந்தன. வேறு சிலவோ பிறர் தோட்டங்களிலும் விதைச் சேகரங்களிலும் வழிவழியாக உயிர் பிழைத்திருந்தன. அவை மீண்டும் அம்மண்ணிற்கு வந்து சேர்ந்தன. 1987ஆம் ஆண்டில் அங்கே தொல்பயிர்களுக்கென நடுவம் ஒன்று நிறுவப்பட்டது. பழைய வகை விதைகள் அங்கிருந்து வீட்டுத் தோட்டம் இடுவோர்க்கு வழங்கப்படலாயின.

செல்வம் கடனில் மறைந்தது. மாளிகை பிறர் கைக்குச் சென்றது. சுவரும் சரிந்து மண்ணிற் புதைந்தது. பலர் கையிற் பரவிய விதையோ அழியாது நின்றது. அதனைக் காத்தவருள் அறிஞரும் உண்டு, பழங்குடியினரும் உண்டு, அடிமைப்பட்ட உழவரும் உண்டு. பூட்டி வைத்த விதை சில ஆண்டுகளில் உயிர் இழக்கும். பகிர்ந்து விதைத்த விதையோ தலைமுறை தலைமுறையாக வாழும். ஜெபர்சனின் தோட்டம் உலகிற்கு உணர்த்தும் உண்மை இதுவே.